தொட்டிலில் இருந்த தவிடு

மகப்பேறு வார்டில் புதிதாகச் சேரும் தாதியருக்கு இப்போது ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தூக்கம் வருகிறதா, காரணமில்லாமல் அழுகை வருகிறதா, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லையா என்று பிள்ளை பெற்ற பெண்ணிடம் கேட்டு, பதிலுக்கு நேரே கோடு போட வேண்டுமாம். நல்ல காரியம். எங்கள் காலத்தில் அப்படி எதுவும் கிடையாது. காய்ச்சல் உண்டா, ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது, பால் கட்டியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். கழுத்துக்குக் கீழே உள்ளதை மட்டும் பார்த்துக்கொண்டோம் என்று சொன்னால் அது மிகையில்லை.

ஆனால் கேள்வித்தாள் கையில் இருந்தாலும் செய்துவிடக்கூடிய ஒரு தவறு உண்டு. நோயாளியின் ஊரும் பேச்சும் வழக்கமும் நமக்குத் தெரியும்போதுதான் அந்தத் தவறு வரும். புதிய தாதியரான உங்களில் பலர் உங்கள் சொந்த ஊர் மருத்துவமனைகளிலேயே வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவில், கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய மருத்துவமனையில் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் கடைசி வரை தாதியாக வேலை செய்தேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. தகரக் கூரை, நீளமான வராந்தா. மகப்பேறு வார்டின் பின்பக்கச் சன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் தேயிலைச் செடி. சரிவு முழுக்கப் பச்சை. மதியத்துக்கு மேல் கீழேயிருந்து மூடுபனி ஏறி வரும். முதலில் செடிகளின் கால் மறையும். பிறகு கொழுந்தெடுக்கும் பெண்களின் இடுப்பு வரை மறையும். கடைசியில் தலைத்துணிகள் மட்டும் தனியாக மிதந்துகொண்டிருக்கும். புதிதாக வருகிற தாதிகள் அதைப் பார்த்துச் சன்னலைச் சாத்திவிடுவார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

எங்கள் வார்டுக்குத் தலைமை ஒரு மலாய்க்கார சிஸ்டர். கிழக்குக் கரையிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் பேச மாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் நிற்பார். மற்றவர்கள் காய்ச்சல் அட்டையைப் பார்க்கும் நேரத்தில் அவர் முகத்தைப் பார்ப்பார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. இந்தக் கதையில் அதுதான் எங்களுக்கு உதவியது.

1977ஆம் ஆண்டு, தீபாவளி கழிந்த வாரம். நாள் கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டு என்றாலும், இதற்கு அது தேவையில்லை. அந்த வாரம் மழை விடவே இல்லை. வார்டில் ஈரத்துணி வாடை. அப்போதுதான் சரோஜா பிரசவத்துக்கு வந்தாள். எங்கள் வேலிக்கு அடுத்த தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. இரண்டாவது பிள்ளை சில வாரங்களில் காய்ச்சலில் போய்விட்டது. மூன்றாவதாக இந்தப் பெண் குழந்தை. சுகப்பிரசவம்தான், ஆனால் ரத்தம் நிறையப் போயிருந்ததால் வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தோம்.

தோட்டத்து மக்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், பிறகு பிறக்கும் பிள்ளையைப் பெற்றவள் தன்னுடையது என்று சொல்லக்கூடாது. பிள்ளையை முறத்தில் கிடத்திக் குப்பைத் தொட்டி ஓரமாக வைப்பார்கள். பல பிள்ளை பெற்று எல்லாவற்றையும் காப்பாற்றிய ஒருத்தி, தற்செயலாக வருகிறவள் போல வந்து, ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்வாள். பிறகு பெற்றவளிடமே வளர்க்கக் கொடுப்பாள். முன்பு பிள்ளைகளைக் கொண்டுபோனது எதுவோ, அது மறுபடி தேடி வந்தால், இங்கே இவளுக்குப் பிள்ளை ஏதும் இல்லை என்று ஏமாந்து போய்விட வேண்டும். பிள்ளைக்குப் பெயரும் பிச்சை, குப்பை என்றுதான் வைப்பார்கள்.

எங்கள் பின்வராந்தாவில் அதுபோல நடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். யாருக்கும் கெடுதல் இல்லை என்பதால் தடுப்பதில்லை. சரோஜாவின் பிள்ளைக்கும் நடந்தது. வாங்க வந்தவள் அடுத்த வீட்டு மாரியக்கா. இடுப்பில் தன்னுடைய கைப்பிள்ளையோடு வந்தாள். முறத்தை எட்டிப் பார்த்து, "அட, பழைய சாமானா இருக்கே. ஒரு பிடி தவிடே ஜாஸ்தி" என்றாள்.

"எடுத்துக்கிட்டுப் போ தாயி. எங்களுக்கு வேணாம். மூக்கும் முழியும் பாரு, கொரங்கு கணக்கா" என்றார் சரோஜாவின் மாமியார். சொல்லும்போதே அவர் கை குழந்தையின் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டிருந்தது.

"சொல்லுடி" என்று சரோஜாவைத் தொட்டார்.

"இது என் புள்ள இல்ல" என்றாள் சரோஜா.

எல்லாரும் சிரித்தோம். மாமியார் அந்தத் தவிட்டைத் துணியில் முடிந்து, மருமகளின் தலையணைக்கு அடியில் வைத்தார். குழந்தைக்குப் பிச்சாயி என்று பெயரானது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லாதவை.

சரோஜா தூங்கவில்லை. ராத்திரி வேலை பார்த்த தாதி, "சூசா குடுக்காத பொண்ணு, ஒரு தொந்தரவும் இல்ல, ஒரு தடவைகூடக் கூப்பிடலை" என்று பாராட்டிவிட்டுப் போனாள். சரோஜா கட்டில் விரிப்பை எடுத்து மடிப்பதும் மறுபடி விரிப்பதுமாக இருந்தாள். மூலைகளை எங்களைவிட நன்றாகச் செருகினாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள், ஆனால் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்பவள் எப்படிக் கவனமாக வைத்திருப்பாளோ, அப்படி வைத்திருந்தாள். தாலாட்டும் பாடினாள். பிள்ளை மடியில் கிடக்க, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, வெளியே இருக்கும் யாருக்கோ கேட்கும்படி பாடினாள்.

ஒரு மதியம் குழந்தையைக் குளிப்பாட்டக் கேட்டபோது, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"மிஸி, இதோட அம்மா எப்ப வருவாங்க?"

கூட்டிக்கொண்டிருந்த ஆயா துடைப்பத்தை நிறுத்தாமலே, "மாரி வேலைக்குப் போயிருக்கா. சாயங்காலம் வந்து ஒன் சொத்தைப் பாத்துட்டுப் போவா" என்றாள்.

"மாரியக்கா இல்ல ஆயா. அங்க நிக்கிறவங்க."

சன்னலைக் காட்டினாள். நான் பார்த்தேன். சரிவில் கொழுந்தெடுக்கும் பெண்கள். பனி இடுப்பு வரை ஏறியிருந்தது.

"யாரு?"

"கூடை இல்லாம ஒருத்தங்க நிக்கிறாங்க பாருங்க. தெனமும் வர்றாங்க. கேக்க மாட்டேங்கிறாங்க, சும்மா நிக்கிறாங்க. புள்ளையக் காணாம மனசு என்ன பாடுபடும்."

அவள் குரலில் பயம் இல்லை. பரிதாபம்தான் இருந்தது. அதுதான் என் கழுத்துப் பின்பக்கத்தைச் சில்லிட வைத்தது. ஆயாவோ சிரித்துவிட்டாள். "நல்லாத்தான் நடிக்கிறா. பேய்க்கே காது குத்திருவா இவ." பக்கத்துக் கட்டில் பெண்களும் சிரித்தார்கள். எனக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது. சில்லிட்டதும் போய்விட்டது. தெரிந்த விஷயத்தை அதன் இடத்தில் வைத்துவிட்டால் பயம் தெளிந்துவிடும் அல்லவா. இது தவிட்டுப் பிள்ளை வழக்கம். அவ்வளவுதான்.

சிஸ்டர் வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை வராந்தாவுக்கு அழைத்து, மலாயில் கேட்டார்.

"அந்தப் பெண் என்ன சொன்னாள்?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். வழக்கத்தையும் விளக்கினேன். ஆயாவும் வந்து கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். சிஸ்டர் இருவரையும் பேசி முடிக்க விட்டார்.

"வழக்கம் புரிகிறது. எங்கள் ஊரிலும் இந்த மாதிரி உண்டு. பிள்ளையை விற்று முடித்தாயிற்று. யாரை ஏமாற்ற வேண்டுமோ அவரையும் ஏமாற்றியாயிற்று. அப்புறம் நடிக்கிறவள் ஓய்வு எடுக்க மாட்டாளா? ஆள் இல்லாத நேரத்தில் பிள்ளையின் நெற்றியை முகர்ந்து பார்க்க மாட்டாளா? அப்படி ஒரு தடவையாவது பார்த்தாயா?"

நான் பார்க்கவில்லை. யோசித்தபோது, முந்தைய தவிட்டுப் பிள்ளைகளின் தாய்மார்கள் எல்லாரும் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன் என்பதும் ஞாபகம் வந்தது. போர்வைக்குள் குனிந்து, யாருக்கும் கேட்காமல் கண்ணு, ராசா என்பார்கள். நம்மைப் பார்த்துவிட்டால் சட்டென்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்வார்கள்.

"நீங்கள் எல்லாரும் வழக்கத்தைக் கேட்கிறீர்கள். அவளைக் கேட்கவில்லை" என்றார் சிஸ்டர். "கீழே தாப்பா ஊரிலிருந்து டாக்டரை வரச் சொல்லப்போகிறேன். அதுவரை பிள்ளையின் தொட்டில் ஆயாவின் கண் முன்னால் இருக்கட்டும்."

அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். மழை நாளில் மலையிலிருந்து கீழே இணைப்புக் கிடைப்பது எளிதல்ல. நான் பிள்ளையைக் குளிப்பாட்டித் தொட்டிலில் போட்டுவிட்டு மருந்து அறைக்குப் போனேன். தொட்டில் ஆயாவின் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. உள்ளே பிள்ளை போர்வைக்குள் சுருண்டிருப்பது தெரிந்தது. ஆயா வாளித் தண்ணீரை மாற்றப் போய் வந்து, அதைத் தாண்டி இரண்டு மூன்று முறை நடந்திருக்கிறாள். ஒரு முறை, விலகியிருந்த போர்வையை இழுத்துக்கூட விட்டிருக்கிறாள்.

அந்த நேரத்தில் மாமியார் வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டார். கொழுந்தெடுக்கும் வேலைக்கு நடுவே மருமகளுக்குச் சோறு கொண்டுவந்திருந்தார். "மிஸி, என் கூடையப் பாத்தீங்களா? இங்கதான் எறக்கி வெச்சேன். தலத்துணி, மழைக்கு இடுப்புல கட்டுற பிளாஸ்டிக்கு ஒண்ணையும் காணோம். ஆஸ்பத்திரியிலயும் திருடுறானுங்களா?"

நான் வார்டுக்குள் பார்த்தேன். சரோஜாவின் கட்டில் நேர்த்தியாக விரிக்கப்பட்டிருந்தது. மூலைகள் நன்றாகச் செருகியிருந்தன. கழிவறைக் கதவு திறந்து கிடந்தது. தொட்டிலுக்குப் போய்ப் போர்வையை விலக்கினேன். குழந்தையைச் சுற்றும் துணி அழகாகச் சுற்றியிருந்தது. தலைக்குத் தொப்பி. தொப்பிக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தவிட்டு முடிச்சு இருந்தது.

வாங்கின விலையைத் திருப்பி வைத்துவிட்டாள். இப்படித்தான் என் மனம் அதைப் புரிந்துகொண்டது. விற்பனை ரத்து. பிள்ளை உரியவளிடம் போகிறது.

மாமியார் நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆயா, "கொண்டுபோயிருச்சு, கொண்டுபோயிருச்சு" என்று முணுமுணுத்தாள். யார் என்று கேட்க யாருக்கும் தைரியமில்லை. கம்பவுண்டரும் தோட்டக்காரரும் பின்னால் ஓடும் ஆற்றை நோக்கி ஓடினார்கள். பேர் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினார்கள். எங்கள் எல்லாருக்கும் முதலில் தோன்றியது ஆறுதான். நானும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டேன்.

சிஸ்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"சாபார், பொறு. நில். அவள் ஆற்றைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தையாவது சொன்னாளா?"

"இல்லை."

"என்ன சொன்னாள்?"

"கொழுந்தெடுக்கிற பெண்களோடு பிள்ளையின் அம்மா நிற்கிறாள் என்று."

"இந்த நேரத்தில் அந்தப் பெண்கள் எல்லாரும் எங்கே இருப்பார்கள்?"

சங்கு ஊதியிருந்தது. மதியக் கொழுந்தை நிறுக்கும் நேரம். வேலிக்கு அந்தப் பக்கம், தோட்டப் பாதை வளைவில் நிறுவைக் கொட்டகை. எல்லாரும் கூடையோடு அங்கே வரிசையில் நிற்பார்கள்.

"தொப்பியைக் கழற்று" என்றார். ஆயாவின் சால்வையை எடுத்து என் வெள்ளை உடுப்பின் மேல் சுற்றினார். "கத்தாதே, ஓடாதே. பிள்ளை உன்னுடையதுதான் என்று அவளிடம் வாதாடாதே. அதற்காகப் பொய்யும் சொல்லாதே. நாளைக்கு அவள் தெளியும்போது நம்மை நம்ப வேண்டும். நான் பின்னாலேயே வருகிறேன்."

வேலியின் இடைவெளி வழியாகப் போனேன். பனி தோள் வரை ஏறியிருந்தது. கொட்டகையின் தகரக் கூரைதான் முதலில் தெரிந்தது. பிறகு வரிசை. எல்லாருக்கும் ஒரே மாதிரி தலைத்துணி, இடுப்பில் பிளாஸ்டிக், முதுகில் பிரம்புக் கூடை. எல்லார் முதுகும் ஒரே முதுகாக இருந்தது. முன்னால் கங்காணியின் குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு கூடையாகத் தராசின் கொக்கியில் மாட்டி, எடை சொல்லி, அப்படியே கவிழ்த்துப் பெரிய சாக்கில் கொட்டினார்கள். கொட்டியதும் ஒருவன் காலால் மிதித்து அமுக்கினான்.

அதைப் பார்த்ததும் என் கால்கள் ஓடப் பார்த்தன. ஓடவில்லை. வரிசையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு கூடையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். எல்லாவற்றிலும் ஈரக் கொழுந்து. ஒரு கூடையில் மேலே இருந்த கொழுந்து லேசாக ஏறி இறங்கியது.

அவளுக்கு முன்னால் இரண்டே பேர்தான்.

பக்கத்தில் போய் நின்றேன். "சரோஜா."

திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அவ்வளவு அமைதியான சிரிப்பை அந்த வாரம் முழுக்க நான் பார்க்கவில்லை. "மிஸியா? நீங்களும் கொழுந்துக்கு வந்துட்டீங்களா?"

"உன்னைப் பாக்க வந்தேன். பாரமா இருக்கா?"

"அதெல்லாம் இல்ல. ஒரு கொறையும் இல்லாமத்தான் குடுக்குறேன். குளிருமேன்னு எல போட்டு மூடியிருக்கேன்."

"யாருக்குக் குடுக்கப் போற?"

தாடையால் முன்னால் காட்டினாள். "தராசுகிட்ட நிக்கிறாங்களே."

பார்த்தேன். தராசுக்கு அந்தப் பக்கம், கூரை முடிந்து பனி தொடங்கும் இடத்தில், கூடை இல்லாத ஒருத்தி நின்றாள். எடை போட்டு முடித்தவளாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

"அடுத்த ஆளு வா" என்றார் கங்காணி. வரிசை ஓர் அடி நகர்ந்தது. "யாரும்மா அது, ரெண்டு பேரு பேசிக்கிட்டு? கூடைய எறக்குங்க, மழ பலமா வருது."

கூடையைப் பறித்திருக்கலாம். பறித்திருந்தால் அவள் விட்டிருக்க மாட்டாள். இழுபறியில் குழந்தை தார்ப்பாதையில் விழுந்திருக்கும், அல்லது அவள் அதோடு பனிக்குள் இறங்கியிருப்பாள். என்ன சொல்வது என்று தெரியாமல் அவளைப் பார்த்தபோதுதான், அவள் ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருப்பதைக் கவனித்தேன். மழையில் அல்ல. பால்.

"அதுக்குப் பசிக்கிற நேரமாச்சே" என்றேன். "பால் குடுத்தியா?"

அவள் முகத்தில் ஏதோ தடுக்கி நின்றது.

"இல்ல. காலைல குடுத்தது."

"பசியோடயா குடுக்கப் போற?"

முன்னால் பார்த்தாள். பிறகு குனிந்து தன் ரவிக்கையைப் பார்த்தாள். வரிசை இன்னும் ஓர் அடி நகர்ந்தது. கங்காணி கையை நீட்டினார்.

"பசியோட குடுக்கக்கூடாது மிஸி" என்றாள். "பாவம்ல." அவளாகவே வரிசையை விட்டு விலகினாள்.

கொட்டகைச் சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பெட்டியில் உட்காரவைத்தேன். கூடையை அவளே இறக்கினாள். இலைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன், அவள் கண் முன்னாலேயே, அவசரப்படாமல். பிள்ளையின் கன்னத்தில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது. உதடு லேசாக நீலம் பாய்ந்திருந்தது. தூக்கியதும் மூச்சை இழுத்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் வரிசையில் நின்ற எல்லாத் தலைத்துணிகளும் ஒரே நேரத்தில் திரும்பின. கங்காணி தராசின் கொக்கியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

சரோஜா பால் கொடுத்தாள். நான் ஒரு பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்து மறுபக்கம் உட்கார்ந்தார். பிள்ளை குடித்து முடித்ததும் சிஸ்டர் தமக்குத் தெரிந்த தமிழில், "குளிர். உள்ள போலாம்" என்றார். மூன்று பேரும் எழுந்து வந்தோம். சரோஜா மட்டும் ஒரு முறை திரும்பி, யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோலத் தலையசைத்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். கீழே பேராக் பக்கத்து மனநல மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் சில பெண்களுக்கு வரும் நோய் இது, வேகமாக வரும், சிகிச்சை கொடுத்தால் போகவும் போகும் என்று விளக்கினார். அடுத்த மாதங்களில் ஈப்போவில் வாங்கிய பழைய பாடப்புத்தகங்களில் இதைத் தேடித் தேடி வாசித்திருக்கிறேன். மிகப் பழைய வைத்தியக் குறிப்புகளிலும் இது இருக்கிறது. நாங்கள்தான் புதிதாகப் பார்த்தோம்.

மாமியார் சம்மதிக்கவில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா? முனியாண்டி கோயில் பூசாரியக் கூட்டியாறேன். ஒரு கயிறு கட்டினா தீந்துச்சு."

நான் நோயைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். சிஸ்டர் என்னை நிறுத்தினார். "கயிற்றைக் கட்டச் சொல். ஆம்புலன்சில் ஏறுவதற்கு முன்னால் கட்டட்டும். கட்டின பிறகு ஏறட்டும்." அப்படியே நடந்தது. பூசாரி வாசலிலேயே கட்டினார். மாமியார் அதே ஆம்புலன்சில் கூட ஏறி உட்கார்ந்தார். கயிற்றோடு சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு ஒரு நாள் போயிருக்கும். அந்த நிலையில் ஒரு நாள் என்பது பெரிது.

பிள்ளை? அதைத் தவிட்டுக்கு வாங்கிய மாரியக்கா எடுத்துக்கொண்டாள். "வாங்கினவ நான்தானே, வேற யாரு பாக்குறது" என்று சொல்லி, தன் கைப்பிள்ளையோடு சேர்த்து இதற்கும் பால் கொடுத்தாள். எங்கள் கண்ணை மறைத்த அதே வழக்கம்தான் அந்தப் பிள்ளைக்கு, சரோஜா திரும்பி வரும்வரை, ஒரு தாயைக் கொடுத்தது. அதனால் வழக்கங்களை விரட்டுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஒரு பெண் பேசும்போது, வழக்கத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக உட்காரச் சொல்லுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். சிஸ்டர் அதற்குப் பிறகு ஒவ்வொரு தாயிடமும் ஒரு கேள்வியை எங்களைக் கேட்க வைத்தார்: "பிள்ளையைப் பார்க்கும்போது உனக்கு என்ன தோன்றுகிறது?" பதிலைக் கேட்டு நாங்கள் சிரித்தால், அன்றைக்கு எங்களோடு அவர் பேச மாட்டார்.

சரோஜா திரும்பி வந்தது 1978 பங்குனியில். மனநல மருத்துவமனையிலிருந்து வந்த சில நாட்களில், பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளில் எங்கள் வராந்தாவுக்கு வந்தாள். உடம்பு இளைத்திருந்தது. கண்ணில் களைப்பு இருந்தது. ஆனால் அது எங்களைப் பார்க்கும் கண். பிச்சாயி மாரியக்காவின் இடுப்பில் கொழுகொழுவென்று இருந்தாள். மாமியார் இருவருக்கும் நடுவில் காவல்போல நின்றார். சரோஜாவின் மணிக்கட்டில் பூசாரி கட்டிய கயிறு நிறம் மங்கியிருந்தது.

பெயர் எழுதப் புதிதாக வந்திருந்த தாதி, மலைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள். "பிள்ளையோட அம்மா யாரு?"

"தவிட்டுப் புள்ள மிஸி" என்றார் மாமியார் முந்திக்கொண்டு. "இந்தா, மாரியோடதுன்னு எழுதிக்குங்க."

சரோஜா எழுந்தாள். மாரியக்காவின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மாமியார் அவள் முழங்கையைப் பிடித்தார். "வேணாம்டி. இன்னும் கொஞ்சம் வளரட்டும். ஒன் கால்ல விழறேன், வாயத் தொறக்காத."

வராந்தாவில் இருந்த பெண்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை இறுக்கிக்கொண்டதை நான் கண்டேன். நானும் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டேன். அத்தனை புத்தகம் வாசித்தவள்தான். ஆனாலும் அவள் அதைச் சொல்லி, நாளைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டால்? மூன்றாவது முறையும் அவளால் தாங்க முடியுமா? வெளியே பனி ஏறத் தொடங்கியிருந்தது. செடிகளின் கால் மறைந்துகொண்டிருந்தது.

சரோஜா எங்கள் பக்கம் திரும்பவில்லை. வராந்தாக் கம்பியருகே போய்ச் சரிவைப் பார்த்து நின்றாள். வாசலில் வெகுநேரமாகக் காத்திருக்கும் ஒருவரிடம் பேசும் குரலில் சொன்னாள்.

"இது என் புள்ள. நான்தான் பெத்தேன். நானே வெச்சுக்குறேன். நீங்க போங்க."

பிறகு என்னிடம் வந்து பிள்ளையின் கையை நீட்டினாள். "போடுங்க மிஸி."

ஊசி போட்டேன். பிச்சாயி வீறிட்டாள். சரோஜா குனிந்து, எல்லார் முன்னிலையிலும், அவள் நெற்றியில் மூக்கை வைத்து முகர்ந்தாள். கண்ணு, கண்ணு என்றாள். பெண்கள் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். மாரியக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

மாமியார் மட்டும் கம்பியைப் பிடித்தபடி சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை செடி வரிசைகளின் வழியே மெதுவாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது, யாரோ நடந்து போவதைக் கடைசிவரை பார்த்திருப்பவர்போல.